மணியத்துக்குப் பெயர் இருந்தது

என் சிறுகதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று முடிவானபோது, மெய்ப்புப் பார்க்கும் வேலையை ஒரு தங்கையிடம் கொடுத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிப்பவர். ஒற்றுப்பிழைகளைத் திருத்தித் தருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். திருத்தியும் இருந்தார். ஆனால் ஒரு கதையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: "அண்ணே, இந்தப் பையனுக்குப் பேரே இல்லையே?"

அது 2012இல் நான் எழுதிய கதை. கிள்ளானில் ஒரு தமிழர் சாப்பாட்டுக் கடை. அங்கே மங்கு கழுவும், வெங்காயம் நறுக்கும் ஒரு வங்காளதேச இளைஞன். முதலாளி அவனை அறைகிறார், சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார். ஒரு நாள் முதலாளியின் சின்ன மகன் சாலையில் ஓட, இவன் பாய்ந்து பையனைத் தள்ளிவிட்டு லாரிக்கு அடியில் போகிறான். முதலாளி அவன் உடலை மடியில் வைத்து அழுகிறார். கதை முடிந்தது. அந்தக் கதைக்கு ஒரு போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. பரிசளிப்பு விழாவில் பேசிய நீதிபதி, 'மனிதநேயம்' என்ற சொல்லை நாலைந்து முறை சொன்னார். எனக்குக் கண் கலங்கியது.

தங்கை எழுதியதைப் படித்த பிறகு கதையை மறுபடி வாசித்தேன். அவர் சொன்னது சரி. எட்டுப் பக்கக் கதையில் அவன் தொடக்கம் முதல் முடிவு வரை 'பங்களா'தான். முதலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார், அது பாத்திரத்தின் பேச்சு, விட்டுவிடலாம். கதைசொல்லியும் அப்படியே சொல்கிறான். கதைசொல்லி நான்தான். அவன் வாய் திறந்து பேசும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். மூன்று. மூன்றிலும் "சரி பாஸ்" என்கிறான்.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இந்தக் கதையை எழுதுவதற்கு ஓராண்டுக்கு முன்தான், நாவல் ஒன்றில் நம்மைக் கேவலமாக எழுதிவிட்டார்கள் என்று நான் பதாகை பிடித்துக்கொண்டு நின்றேன்.

*

இளம் வாசகர்களுக்காக அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'இண்டர்லோக்' அப்துல்லா ஹுசேன் எழுதிய மலாய் நாவல். சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டையொட்டி 1967இல் நடந்த நாவல் போட்டியில் ஆறுதல் பரிசு பெற்றது. 1971இல் நூலாக வந்தது. பின்னாளில் அப்துல்லா ஹுசேன் தேசிய இலக்கியவாதி விருதும் பெற்றார். நாற்பது ஆண்டுகள் இந்த நாவலைப் பற்றி நம்மில் யாரும் கவலைப்படவில்லை. 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு மலாய் இலக்கியப் பாடநூலாகச் சில மாநிலங்களில் வந்தபோதுதான் வெடித்தது. இந்தியர்களைக் குறிக்க அதில் 'பறையா' என்ற சொல் பயன்படுத்தப்பட்டிருந்தது. திருத்துவோம் என்றார்கள், குழு அமைத்தார்கள், அந்த ஆண்டு இறுதியில் நாவல் பாடத்திட்டத்திலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதாகை பிடித்த அன்று நான் அந்த நாவலைப் படித்திருக்கவில்லை. என்னோடு நின்ற பலரும் படித்திருக்கவில்லை. யாரோ ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்தார்கள். அந்த ஒரு பக்கம் போதுமானதாக இருந்தது. முழுதாக நான் அதைப் படித்தது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

படித்தபோது எனக்குக் கிடைத்தது வேறொரு அதிர்ச்சி. அது வெறுப்பில் எழுதப்பட்ட நாவல் அல்ல. நல்லெண்ணத்தில் எழுதப்பட்டது. செமான் குடும்பம், சிங் ஹுவாட் குடும்பம், மணியம் குடும்பம் என்று மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி ஒதுக்குகிறார். நான்காவது பகுதியில் மூவரையும் ஒன்றாகக் கோக்கிறார். நாவலின் பெயரே அந்தக் கோப்பைத்தான் சொல்கிறது. மூன்று இனமும் சேர்ந்தால்தான் இந்த நாடு என்று சொல்ல விரும்பிய ஒருவரின் நாவல். இன்றைய சொல்லில் சொன்னால், நமக்குத் துணையாக நிற்க விரும்பிய ஒரு பெரும்பான்மை இன எழுத்தாளரின் நாவல்.

பிறகு எங்கே தவறு நடந்தது? மணியம் கப்பலில் பினாங்குக்கு வருகிறான். அந்தப் பயணத்தை எழுதும்போது, கப்பலில் இருந்தவர்கள் எல்லாம் ஒரே சாதியினர், அதனால் தீட்டுப் பற்றிய பயமில்லாமல் கலந்து பழகினார்கள் என்று கதைசொல்லி விளக்குகிறார். மணியம் அதைச் சொல்லவில்லை. அவன் மனத்தில் அது எப்படி இருக்கிறது என்பதும் இல்லை. ஊரில் எந்தத் தெருவுக்குள் அவன் போக முடியாது, எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது, கப்பலில் அந்தப் பாரம் கொஞ்சம் இறங்கியதா என்று எதுவும் இல்லை. வெளியே நிற்கும் ஒருவர், வெளியே நிற்கும் இன்னொருவருக்கு 'இவர்கள் இப்படிப்பட்டவர்கள்' என்று சொல்லிவிட்டு நகர்கிறார். மொழி, ஊர் பற்றிய தகவல் பிழைகளையும் அப்போது பலர் சுட்டிக்காட்டினார்கள். எழுத்தாளர் நம்மீது இரக்கப்பட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுத் தமிழரைக் கூப்பிட்டு ஒரு முறை வாசித்துக் காட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மட்டும் யோசித்ததாகத் தெரியவில்லை.

இருந்தாலும் அவர் மணியத்துக்குப் பெயர் வைத்தார். அவனுக்கு ஒரு முழுப் பகுதி கொடுத்தார். அவன் வேலை தேடுகிறான், காதலிக்கிறான், ஏமாறுகிறான், பிழைக்கிறான். நான் என் பங்களாவுக்கு எட்டுப் பக்கமும் ஒரு லாரியும் கொடுத்தேன்.

*

இண்டர்லோக் விவகாரத்தில் இன்னொன்றையும் பேச வேண்டும். அதைப் பேசாமல் இனநீதி பற்றி நாம் எழுதுவது பொய்யாகிவிடும்.

'பறையா' என்பது மலாய்ப் பேச்சில் வசைச்சொல்லாகப் புழங்குகிறது. தெருநாயைக் குறிக்கவும் அதைத்தான் சொல்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அதே சொல்லை வகுப்பில் பாடமாகப் படிக்க வேண்டும் என்றால் எதிர்க்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாங்கள் எதிர்த்த விதத்தை நினைத்துப் பார்க்கிறேன். அன்று எங்கள் கூட்டத்தில் அடிக்கடி கேட்ட வாதம், "இங்க வந்தவங்க எல்லாருமா பறையருங்க? எல்லாச் சாதியும்தான் வந்துச்சு" என்பது. நானே அதைச் சொல்லியிருக்கிறேன். என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த நண்பரின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை. அவருடைய தாத்தா எந்த லயத்தில் இருந்தார் என்று எனக்குத் தெரியும். தோட்டங்களில் சாதிக்கொரு லயம் இருந்த காலம் நம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது. இந்த நாட்டின் ரப்பர்க் காடுகளை உருவாக்கியவர்களில் கணிசமானவர்கள் ஆதிதிராவிட மக்கள்.

ஆக, 'எங்களை இழிவுபடுத்தாதே' என்று நாங்கள் வெளியே பார்த்துக் கத்தியதற்குள், 'எங்களை அவர்களோடு சேர்க்காதே' என்ற குரலும் இருந்தது. அந்தச் சொல்லை இழிவாக்கியது யார் என்று கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. கேட்டிருந்தால் பதாகையை நம் பக்கமும் திருப்பிப் பிடித்திருக்க வேண்டும். அன்று அந்த நண்பருக்கு நான் துணையாக இருந்திருக்க வேண்டியது மலாய்க்கார அதிகாரியின் முன்னால் அல்ல, எங்கள் கூட்டத்தின் நடுவில். அங்கே நான் வாயைத் திறக்கவில்லை.

*

துணை நிற்பது என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் அல்ல. 2016இல் நடந்த ஒரு சம்பவத்தில்.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' 2015 டிசம்பரில் திரைக்கு வந்தது. தோட்டம் உடைந்து பட்டணத்து ஓரத்துக்கு வந்த குடும்பம், படிக்கச் சொல்லி அடிக்கும் அப்பா, கற்பனை நிறைந்த ஒரு பையன், அவனுக்குக் கண்ணெதிரே இருக்கும் குண்டர் கும்பல். தலைப்பே மலாயிலிருந்து நாம் வாங்கி நம் வாய்க்கு ஏற்ப வளைத்துக்கொண்ட சொல். நம்முடைய படம், மலேசியாவில் மட்டுமே எடுக்க முடிந்த படம். அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் அதை எங்கே வைத்தார்கள்? சிறந்த படத்துக்கான போட்டியில் இல்லை. மலாய் அல்லாத மொழிப் படங்களுக்கென்று ஒரு தனிப் பிரிவு. சியூ கெங் குவான் இயக்கிய 'ஓலா போலா'வும் அங்கேதான். எல்லா இனத்தவரும் சேர்ந்து தேசியக் குழுவுக்காகக் காற்பந்து ஆடும் கதை, மலாய் வசனம் போதவில்லை என்று தேசியப் பிரிவுக்கு வெளியே நின்றது.

நாம் கோபப்பட்டோம். முகநூலில் எழுதினோம். அது எதிர்பார்க்கக்கூடியது. ஆனால் முகம்மது நோர் காசிம் என்ற ஒளிப்பதிவாளர், அதே விழாவில் தான் முன்பு வாங்கிய விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். நடிகர் அஃப்ட்லின் ஷௌக்கி விழாவைப் புறக்கணிப்பதாகச் சொன்னார். இருவரும் மலாய்க்காரர்கள். அந்த விதியால் அவர்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. சொல்லப்போனால் லாபம்தான். எதிர்ப்பு வலுத்த பிறகு ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளை மாற்றியமைத்தார்கள். மலேசியாவின் சிறந்த படம் என்ற விருது எல்லா மொழிக்கும் திறந்தது. அதை 'ஜகாட்' வென்றது.

அந்த ஒளிப்பதிவாளர் செய்ததை நான் பல முறை யோசித்திருக்கிறேன். தமிழர்களின் வாழ்க்கை எவ்வளவு துயரமானது என்று அவர் ஒரு படம் எடுக்கவில்லை. நம்மைக் கட்டிப்பிடித்துப் படம் போடவில்லை. தன் வீட்டு அலமாரியில் இருந்ததை எடுத்து, தன்னுடைய துறையின், தன்னுடைய ஆட்களின் மேசையில் வைத்தார். பேச்சு அவர்களோடுதான், நம்மோடு அல்ல.

நம் ஊரில் நண்பனைக் 'கூட்டாளி' என்போம். "இவரு என் கூட்டாளி" என்று தோளில் கைபோட்டுச் சொல்வோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் முதலில் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அவர்களுக்குக் கூட்டாளி என்றால் வியாபாரப் பங்காளி. எனக்கு இப்போது இரண்டு பொருளும் சேர்த்துத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. தோளில் கைபோடுவது சரி, கணக்குப் பார்க்கும்போது நட்டத்தில் உன் பங்கு என்ன?

இந்தக் கேள்வியை என் கதையிடம் கேட்டால் பதில் எளிது. என் பங்கு முதல் பரிசு.

*

சில ஆண்டுகளாகச் சிறுகதைப் போட்டிகளில் நடுவராக இருக்கிறேன். வருகிற கதைகளில் அந்நியத் தொழிலாளர் அடிக்கடி வருகிறார்கள். வராமல் இருக்க முடியாது. நாம் சாப்பிடும் கடை, குடியிருக்கும் அடுக்குமாடி, காரில் போகும் நெடுஞ்சாலை எல்லாம் அவர்கள் கையால் நடப்பவை. ஆனால் அவர்கள் வரும் விதம் பெரும்பாலும் மூன்றுதான். ஒருவன் நம் பெண்ணை மயக்கி இழுத்துக்கொண்டு ஓடுவான். ஒருவன் நம் பையனின் வேலையைப் பறிப்பான். மூன்றாமவன் நல்லவன். நல்லவன் செத்துப்போவான்.

முதல் இரண்டையும் அடையாளம் கண்டு ஒதுக்குவது நடுவர்களுக்குக் கஷ்டமில்லை. மூன்றாவது கதைக்குத்தான் பரிசு கொடுத்துவிடுகிறோம். இந்தக் கதைகளில் அழுவது யார் என்று பாருங்கள். எப்போதும் நாம்தான். அவன் சாகிறான், முதலாளி அழுகிறார், அந்த அழுகையோடு சம்பளம் பிடித்தது, அறைந்தது எல்லாம் கழுவப்பட்டுவிடுகிறது. வாசகனும் நல்ல மனிதனாக உணர்ந்தபடி பக்கத்தைத் திருப்புகிறான். அவனுடைய ஊரில் ஓர் அம்மா இருப்பாள், உடலை அனுப்ப யார் காசு கொடுத்தார்கள், பிடித்து வைத்த சம்பளம் போய்ச் சேர்ந்ததா? என் கதை அதைக் கேட்கவில்லை. என் கதை முதலாளியை மன்னித்துவிட்டது. மன்னிக்கும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது?

'கலைஞனுக்கு எந்த வாழ்க்கையையும் எழுதும் சுதந்திரம் இல்லையா?' என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. தமிழன் தமிழனைப் பற்றி மட்டுமே எழுத வேண்டும் என்றால் இலக்கியம் அன்றோடு முடிந்தது. நான் சொல்வது தடை அல்ல, விமர்சன அளவுகோல். பிற இனத்தவர் நம்மை எழுதும்போது எந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறோமோ, அதே கண்ணாடியைக் கழற்றாமல் நம் கதைகளையும் படிக்க வேண்டும். இண்டர்லோக்கை அப்படிப் படித்த நாம், என் கதைக்குக் கைதட்டினோம்.

இத்தனைக்கும் நமக்கு இது தெரியாத வாழ்க்கை அல்ல. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்ற விதி இறுக்கப்பட்டபோது, சுமார் 60,000 இந்தியத் தோட்டத் தொழிலாளர்கள் இந்த நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. போகாமல் தங்கியவர்களில் என் பாட்டியும் ஒருவர். சிவப்பு அடையாள அட்டையோடுதான் செத்தார். பெர்மிட் என்ற சொல்லைக் கேட்டால் அவர் முகம் மாறுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். 'கெலிங்' என்பது ஒரு காலத்தில் கலிங்கத்திலிருந்து வந்தவர்களைக் குறித்த வெறும் பெயர். அது எப்படி வசையானது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 'பங்களா'வும் ஒரு தேசத்தின் பெயர்தான். அதை நாம் என்ன தொனியில் சொல்கிறோம் என்று ஒரு நாள் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

2020ஐ மறக்க முடியாது. நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். மே மாதம் முதல் தேதி மஸ்ஜித் இந்தியா பகுதியில் நூற்றுக்கணக்கான அந்நியத் தொழிலாளர்களைக் குடிநுழைவுத் துறை பிடித்துக்கொண்டு போனது. ரொஹிங்கியாக்களின் படகைத் திருப்பி அனுப்பியதற்கு இணையத்தில் பாராட்டு குவிந்தது. தமிழ் எழுத்தாளர்கள் இருந்த ஒரு புலனக் குழுவில் நானும் இருந்தேன். "நாட்டை விட்டே துரத்தணும்" என்று ஒருவர் எழுதினார். அகதி முகாம் பற்றி உருக்கமாகக் கவிதை எழுதியவர் அவர். கட்டைவிரல்கள் உயர்ந்தன. நான் கட்டைவிரலும் காட்டவில்லை, பதிலும் எழுதவில்லை. இரண்டு மணி நேரம் யோசித்துவிட்டு, அவர் என் நூலை வெளியிட்டுப் பேச ஒப்புக்கொண்டிருக்கிறாரே என்று விட்டுவிட்டேன். முகம்மது நோர் காசிமின் அலமாரியும் என் அலமாரியும் அங்கேதான் வேறுபடுகின்றன.

*

தங்கையின் கேள்விக்கு எளிய பதில் ஒன்று இருந்தது. பெயர் வைத்துவிடலாம். ரஹீம், கமால், ஏதோ ஒன்று. கணினியில் ஒரு நிமிட வேலை. அதைச் செய்யக் கை போகவில்லை.

நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கும் கடையில் ஒரு வங்காளதேசத் தொழிலாளி இருக்கிறார். ஆறு ஆண்டுகளாகப் பழக்கம். என் மகள் ரொட்டி சானாயை எப்படிச் சாப்பிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அவர் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. ஒரு பிற்பகல் கூட்டமில்லாத நேரத்தில் கேட்டேன், சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி என் கதையை மலாயில் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கெனாப்பா டியா மெஸ்தி மாத்தி?" என்றார். அவன் ஏன் சாக வேண்டும்?

பதில் சொல்ல முடியவில்லை. அவரே தொடர்ந்தார். "ஊத்தாங் பெலூம் ஹாபிஸ், மானா போலே மாத்தி?" கடன் இன்னும் முடியவில்லை, எப்படிச் சாக முடியும்? சொல்லிவிட்டுச் சிரித்தார். இங்கே வருவதற்கு ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தை அடைக்கவே சில ஆண்டுகள் ஆகிவிட்டனவாம். இன்னொருவருடைய பிள்ளைக்காக லாரியில் விழுகிற யோசனை அவருக்குத் தியாகமாகப் படவில்லை. குடும்பத்துக்குச் செய்யும் துரோகமாகப் பட்டது. பத்து ஆண்டுகளாக என் கதையில் யாரும் பார்க்காத ஓட்டையை அவர் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. உங்கள் கதையை எழுதுகிறேன், உங்கள் பெயரையே வைக்கிறேன் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. "ஜாங்கான், அபாங்" என்றார். வேண்டாம் அண்ணே. பிறகு ராய்ஹான் கபீரின் பெயரைச் சொன்னார்.

2020 ஜூலையில் அல்ஜசீரா தொலைக்காட்சி, ஊரடங்கு காலத்தில் அந்நியத் தொழிலாளர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றி ஓர் ஆவணப்படம் வெளியிட்டது. அதில் முகத்தைக் காட்டிப் பேசிய வங்காளதேச இளைஞர் ராய்ஹான் கபீர். அவருடைய பெயரையும் படத்தையும் வெளியிட்டுத் தேடினார்கள். பெர்மிட் ரத்தானது. கைதானார். ஆகஸ்டில் நாடு கடத்தப்பட்டார். அவர் பேசியது தனக்காக அல்ல, தன்னைப் போன்றவர்களுக்காக. நாம் அப்போது எங்கே இருந்தோம் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

பெயர் வைப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். அவருக்குப் பெயர் வெளியே வருவது ஆபத்து. அவர் பெயர் அவருடையது, அதை எப்போது யாரிடம் சொல்வது என்பதும் அவருடையது. அவர் சார்பில் தாராளமாக இருக்க எனக்கு உரிமை இல்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை, ஊர் இல்லை, கடை எங்கே என்பதும் இல்லை. இந்தப் பெயரின்மையும் என் கதையில் இருந்த பெயரின்மையும் ஒன்றல்ல. அங்கே நான் கேட்கவே இல்லை.

"அப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, கடப்பிதழ் முதலாளியின் மேசை டிராயரில் இருக்கிறது என்றார். எல்லாருடையதும்.

எனக்குத் தெரியும். ஆறு ஆண்டுகளாகத் தெரியும். அந்த டிராயரை முதலாளி திறக்கும்போது பார்த்திருக்கிறேன். அடுத்தவர் கடப்பிதழை எடுத்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம் என்பதும் தெரியும். முதலாளி எனக்கு நண்பர். என் நூல் வெளியீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தவர். என்னிடம் தேத்தண்ணிக்குக் காசு வாங்கமாட்டார். உடனே பேசுகிறேன் என்று எழுந்தேன். அவர் கையைப் பிடித்தார். பெர்மிட் புதுப்பிக்கிற நேரம், இரண்டு மாதம் பொறுங்கள், என் பெயரை எடுக்காதீர்கள் என்றார். அந்த இரண்டு மாதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. நல்லது செய்யக் கிளம்பியவனுக்குக் காத்திருப்பது பிடிப்பதில்லை. ஆனால் அவசரம் என்னுடையது, பெர்மிட் அவருடையது.

இரண்டு மாதம் கழித்து, நெடுநாள் யோசித்த விஷயம் என்பதுபோல முதலாளியிடம் பேசினேன். எவர் பெயரையும் சொல்லவில்லை. சட்டத்தைச் சொன்னேன். என் பாட்டியின் சிவப்பு அட்டையைச் சொன்னேன். "வாத்தியாரே, கொடுத்தா ஓடிருவானுங்க. லெவி கட்டினது நான். கதை எழுதுறவங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றார். அவர் பயத்தில் உண்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். சின்ன முதலாளியையும் ஏஜெண்டுகள் உறிஞ்சத்தான் செய்கிறார்கள். அந்தச் சுமையை அவர் தன்னைவிடக் கீழே இருப்பவன் தலையில் வைக்கிறார். இதையும் சொன்னேன். அன்று முதன்முறையாகத் தேத்தண்ணிக்குப் பில் வந்தது.

ஒரு மாதம் கழித்துக் கடைக்குப் பின்னால் தொழிலாளர்களுக்கென்று சின்னச் சின்ன இரும்புப் பெட்டகங்கள் வந்தன. சாவி அவரவர் கையில், கடப்பிதழ் உள்ளே. என் பேச்சால் வந்ததா, சோதனைக்கு ஆள் வருவார்கள் என்ற பயத்தால் வந்ததா, நான் கேட்கவில்லை. முதலாளி இன்னும் பழையபடி பேசுவதில்லை. புலனக் குழுவில் அண்மையில் மறுபடி அதேபோல் ஒரு பதிவு வந்தபோது பதில் எழுதினேன். நூலை வெளியிட்டுப் பேச இப்போது வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

இவை பெரிய காரியங்கள் அல்ல. ஒரு தேத்தண்ணி, ஒரு மேடைப்பேச்சு. இவ்வளவு சின்ன நட்டத்துக்குத்தான் இத்தனை ஆண்டுகள் பயந்திருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கதையைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். தங்கை ஒத்துக்கொள்ளவில்லை. "எடுத்துட்டா நீங்க எழுதவே இல்லைங்கிற மாதிரி ஆயிடும் அண்ணே. வச்சிட்டு, ஏன் தப்புன்னு பின்னாடி எழுதுங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.